சுனைக்காவுத் தீர்த்தமும் நான் போட்ட துளசியும்

என் மகன் வயிற்றுப் பேத்தி ஆதிராவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் முதல் சோறு ஊட்டுகிற பேச்சு வந்தது. அதற்காகத்தான் பங்குனி வெயிலில் இந்தத் திருவனந்தபுரம் பயணம். பேத்தியைப் பார்க்க அங்கே அடிக்கடி போகிறவள்தான் நான். ஆனால் இந்த முறை போனது ஒரு சுனைக்கு. அந்தப் பக்கம் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் சோறு வேறு எங்கும் ஊட்டுவதில்லை. என் வீட்டுக்காரரின் தாத்தா போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கி, விதுரைக்குக் கொஞ்சம் முன்னால் ஊற்றுக்குழி என்ற ஊரில் இருக்கும் சுனைக்காவு பகவதி கோயிலில் ஊட்டினார்களாம். தோட்டத்தை விட்டு வள்ளியூர் வந்து சேர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. சோற்றுக்கு முன்னால், அப்பாவைப் பெற்றவள் சுனைத் தண்ணீரில் மூன்று துளி பிள்ளையின் நாக்கில் விட வேண்டும். கல்லிலிருந்து விழுகிற தண்ணீராக இருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்திருக்கக் கூடாது. என் மகன் முருகேசனுக்கு என் மாமியார் விட்டார். அவன் பிள்ளைக்கு நான் விட வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலையில் வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு ஒரு பஸ். அங்கிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு இன்னொன்று. வடசேரியிலிருந்து தம்பானூர் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டரை மணி நேரம் ஆனது. எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்தப் பழக்கத்தில் கையை வீசிக்கொண்டு ஏறிவிடாதீர்கள், இது வெளியூர் பஸ்.

என் கையில் ஒரு செம்பு, ஒரு துணிப்பை, அரை முழத்துக்கு ஒரு நெல்லிக்கட்டை. சுனை நீர் விழுந்து நிறைவதற்கு அதன் காலடியில் ஒரு சின்னக் கிணறு உண்டு. அதில் போட நெல்லிக்கட்டை கொண்டுபோவதும் எங்கள் வழக்கம். நெல்லி கிடக்கும் கிணற்றில் தண்ணீர் இனிக்கும். களியக்காவிளை தாண்டியதும் கண்டக்டர் கட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இது எந்தா அம்மா? சந்தனமோ?"

"சந்தனமா இருந்தா நான் ஏன்யா பஸ்ஸுல வாரேன்? கார்ல வரமாட்டேனா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சிரித்தார். ஆனாலும் கட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மகன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். வீடு கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில். மருமகள் ரேகா நெடுமங்காட்டில் பிறந்த தமிழ்ப்பிள்ளை. பேசும்போது பாதி மலையாளம் கலந்து வரும், எனக்கு அது பழகிவிட்டது. ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. வீட்டுக் கிணறு, ஆழ்குழாய், ஹோட்டல் தொட்டி என்று ஊர்த் தண்ணீரெல்லாம் பாட்டிலில் அவள் மேஜைக்கு வரும். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டுக்கு இப்படி ஒரு மருமகள் வந்ததை நான் எங்கள் தெருவில் சொல்லாத வாசல் கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம் அந்தப் படிப்பு என் பக்கமே திரும்பியது.

"அத்தே, ஞாயிற்றுக்கிழமை சடங்கு வச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தச் சுனை வெள்ளத்தை ஒண்ணு டெஸ்ட் பண்ணணும்."

இங்கே தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். புதிதாகப் போகிறவர்கள் பயந்துவிட வேண்டாம்.

"தீர்த்தத்தையா? பெத்தவ பாலை யாராச்சும் டெஸ்ட் பண்ணிட்டா குடுப்பாங்க?"

"பால் குடுக்கறதுக்கு முன்னாடி நான் கை கழுவறேன் அல்லே அத்தே? அதுபோலத்தான் இது."

முருகேசன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக அடுக்களைப் பக்கம் போய்விட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், இரண்டு பொம்பளைகள் பேச ஆரம்பித்தால் வீட்டில் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

"கெட்டதா இருந்தா என்னட்டி செய்வே?" என்று கேட்டேன்.

"கெட்டதுன்னா பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் ரேகாவும் மட்டும் கிளம்பினோம். தம்பானூரிலிருந்து நெடுமங்காடு வழியாக விதுரை போகும் பஸ். ஊற்றுக்குழி விலக்கு என்று சொல்லி இறங்க வேண்டும். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். நெடுமங்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், காற்று கொஞ்சம் குளிர்ந்து வரும். சன்னல் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். விலக்கிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். ரேகா தோளில் மாட்டியிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் கேட்டார்.

"மீன் கொண்டு கோயிலுக்குப் போகக் கூடாதல்லோ சேச்சி?"

"மீன் இல்ல சேட்டா. சுனை வெள்ளம் எடுக்கணும், டெஸ்ட் பண்ண."

"ஆஹா! அப்போ தேவிக்கு ரத்தப் பரிசோதனை!" என்று சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தவர், வழியெல்லாம் விஷயமும் சொன்னார். குன்றின் மேலே புதிதாக வீடுகள் வந்துவிட்டன, வீட்டுக்கு ஒரு ஆழ்குழாய். பழைய ரப்பர்த் தோட்டத்தில் பாதியை மண் எடுக்க வெட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் மீன மாசத்திலும், அதாவது நம் பங்குனியிலும், அவர் அம்மா கிணற்றில் கைவிட்டு மொள்ளுவாராம். இப்போது அவர் வீட்டில் கயிறு எட்டவில்லை என்று மேலும் ஒரு முழம் சேர்த்திருக்கிறார்.

கோயில் சின்னது. ஓட்டுக்கூரை, சுற்றிலும் மரங்கள். பின்பக்கம் செம்மண் பாறை சுவர்போல நிற்கிறது. அதில் தண்ணீர் விழுகிற தூம்பாக ஒரு கல் ஓவு. நான் மருமகளாக முதன்முதலில் வந்தபோது அதில் என் கைப் பருமனுக்குத் தண்ணீர் விழுந்தது. இப்போது சுண்டுவிரல் பருமன். கீழே உள்ள கிணற்றில் தண்ணீர் நிறைய இறங்கி, முன்பு தண்ணீர் நின்ற இடம் பச்சைக் கோடாகச் சுவரில் தெரிகிறது. ஆனாலும் விழுகிறது. இந்த வெயிலிலும் நிற்காமல் விழுகிறது. நான் நெல்லிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். கண்ணாடி மாதிரித் தெளிவு. இதிலா குறை இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

ரேகா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பாட்டிலின் வாயில் விரல் படாமல் மூடியைத் திறந்தாள், ஓவில் முட்டாமல் பிடித்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடினாள். நம் வீட்டில் பாட்டிலை இரண்டு முறை அலசிவிட்டுத்தானே பிடிப்போம், இதை அலசவே கூடாதாம், உள்ளே போட்டிருக்கும் மருந்து போய்விடுமாம். இது கிருமி பார்க்க. இன்னொன்றில் உப்பும் புளிப்பும் பார்க்கப் பிடித்தாள். பிறகு, "அத்தே, இதை ஒண்ணு பிடிங்க, பெட்டி திறக்கறேன்" என்று முதல் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்தில் துளசி மாடம் இருந்தது. சுனைத் தீர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு துளசி இல்லாமல் நிற்பதாவது! என் கை அதுபாட்டுக்கு இரண்டு இலையைக் கிள்ளியது, மூடியைத் திறந்தது, போட்டது, மூடியது. வாழ்நாள் முழுக்கச் செய்தது, யோசிக்கவே இல்லை.

திரும்பிப் பார்த்த ரேகாவுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"அத்தே... என்ன பண்ணீங்க?"

"தீர்த்தம்லா?"

அவள் என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விறைத்துக்கொண்டு நின்ற ஏதோ ஒன்று அங்கே தளர்ந்தது. நல்லவேளை, கூடுதலாக ஒரு சுத்தமான பாட்டில் வைத்திருந்தாள். "உங்களைப் போல ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு அத்தே, அதான் எப்பவும் ஒண்ணு கூட எடுப்பேன்" என்றாள். மறுபடி பிடித்தாள். இந்த முறை என் கையில் பெட்டியின் மூடியை மட்டும் கொடுத்தாள்.

அன்றே அவள் வேலை செய்யும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று. மருந்து கலந்த குழாய்களில் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைப்பார்களாம். கிருமி இருந்தால் அங்கே பெருகிக் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும்.

சனிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போனேன். பெண்கள் சேலை கட்டிப் போங்கள், சுடிதார் என்றால் மேலே வேட்டி சுற்றச் சொல்வார்கள். பத்மதீர்த்தக் குளக்கரையில் நெடுநேரம் நின்றேன். நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அந்தக் குழாய்களில் ஒன்றும் பெருகக் கூடாது. சாமியிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஒன்றும் வளராமல் இருக்க வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரேகாவுக்கு அவளோடு வேலை பார்க்கிற பெண்ணிடமிருந்து போன் வந்தது. அவள் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உப்பு சரியாக இருக்கிறது. செம்மண் பாறைத் தண்ணீர் என்பதால் கொஞ்சம் புளிப்பு, அது இந்த ஊரில் எங்கும் உள்ளதுதான், அதனால் கெடுதல் இல்லை. உரம், மருந்து கலந்த மாதிரியும் இல்லை. ஆனால் கிருமி இருக்கிறது. மலக்கழிவிலிருந்து வருகிற கிருமி.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"மூணே மூணு துளிட்டி" என்றேன்.

"ஏழு மாசப் பிள்ளைக்கு அது போதும் அத்தே" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"யம்மா, பாட்டில் தண்ணி ஒண்ணு வாங்கி, சாமிகிட்ட வச்சு..." என்று முருகேசன் ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

ஆனாலும் கிளம்பினோம். குழந்தையோடு பஸ் வேண்டாம் என்று வாடகைக் கார், போய்வர ஆயிரத்து எண்ணூறு ரூபாய். செம்பு என் மடியில் காலியாக இருந்தது. ஆதிரா அதைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டு வந்தாள்.

என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. கோயில் போற்றி, அதாவது பூசை செய்கிறவர், என் வயதை ஒட்டியவர். அவரிடம் சொன்னால் என் பக்கம் பேசுவார், பெரியவர் சொன்னால் இவளும் கேட்பாள். இறங்கியதும் நேரே அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ரேகாவைப் பார்த்து, "மோளே, ரிசல்ட் எந்தாணு?" என்றார். அவள் சொன்னாள். தலையை ஆட்டினார்.

"போன மழைக்கு எனக்கும் என் வீட்டுல எல்லாருக்கும் வயிறு கெட்டுப்போச்சு. அப்பவே எனக்கு சம்சயம். அன்னைலருந்து நான் யார் கையிலயும் பச்சை வெள்ளம் குடுக்கறதில்ல. கமிட்டியும் டெஸ்ட் பண்ணணும்னு சொல்லிட்டே இருக்கு, பண்ணல. நீங்க பண்ணிட்டீங்க, உபகாரம்."

"போற்றி, என் மாமியா இதே சுனையில பிடிச்சுத்தான் என் மகனுக்கு விட்டாங்க. அடுப்புல வச்ச தண்ணி ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அவங்க காலத்துல மேலே வீடு உண்டா அம்மா?"

நான் மேலே பார்த்தேன். மரங்களுக்கு இடையில் மூன்று வீட்டு மாடிகளும் அதன் மேல் கறுப்புத் தொட்டிகளும் தெரிந்தன.

"அவங்க சொன்னது அன்னைக்கு சரி" என்றார். "இனி நான் ஒண்ணு கேக்கட்டா? பகவதிக்கு தெனம் நிவேத்யம் வைக்கிறேனே, எந்த வெள்ளத்துல வைக்கிறேன்?"

"சுனையிலதான்."

"அது கொதிக்குமா கொதிக்காதா?"

நான் மடப்பள்ளிப் புகையைப் பார்த்தேன்.

"தேவி இத்தனை வருஷமா கொதிச்ச வெள்ளத்துலதான் உண்ணுறா. அவளுக்கு ஆகும், உங்க பேத்திக்கு ஆகாதா?"

நான் படியில் உட்கார்ந்தேன். ரேகா விடவில்லை, அங்கேயும் அவள் வேலைதான். "எவ்வளவு நேரம் கொதிக்கும் போற்றி?" என்று கேட்டாள்.

"அரி வேகணும் அல்லே மோளே? பச்சரி சோத்தை நீ வீட்டுல எப்படி வைப்பே?"

"உருளி, கரண்டி?"

"அது வீட்டுக் குழாய் வெள்ளத்துல கழுவி, வெயில்ல உணக்கினது. வந்து பாரு." போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையசைத்தாள். ஏழு வருஷம் காத்திருந்து டாக்டர் வாயால் நல்ல சேதி கேட்ட அன்றைக்கு என்னிடம் அப்படித்தான் தலையசைத்தாள்.

போற்றி அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டார். பகவதிக்குக் காட்டிவிட்டு, உருளியின் மேல் நின்ற கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தார். என் செம்பையும் ரேகா வீட்டிலேயே கொதிநீரில் போட்டு எடுத்துத்தான் தந்திருந்தாள், எனக்குத் தெரியாமல். அதில் வாங்கி ஆற விட்டேன். ஆதிராவை முருகேசன் மடியில் வைத்துக்கொண்டான். முதல் துளி. அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது துளிக்கு நாக்கை நீட்டினாள். மூன்றாவது துளிக்கு என் விரலையே பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள், விடவில்லை. என் மாமியார் விட்டபோது அவள் அப்பன் அழுதான். இவள் இன்னும் கேட்டாள், அந்தக் குழைந்த சோற்றையும் ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டாள்.

வழக்கம் முறிந்துவிடுமோ என்று மூன்று நாள் பயந்தேன். முறியவில்லை. என் பேத்தி சுனையைக் குடிக்கவில்லை, சுனையை உண்டாள். அவ்வளவுதான்.

நாங்கள் கிளம்பும்போது மேல் வீட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். போற்றி போனில் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று சோதனையில் தெரியாது, அதை ரேகாவே சொன்னாள். ஆனாலும் அவர், பாறைக்கு நேர் மேலே இருப்பது தன் கழிப்பறைக் குழிதான், வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் அதை வீட்டுக்கு மறுபக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார். "என் பிள்ளைக்கும் இங்கதான் சோறு குடுத்தது" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று காரில் வரும்போதே வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கடைசியில் அவர் பிள்ளை சௌக்கியமா என்றுதான் கேட்டேன்.

அங்கே போகிறவர்களுக்குச் சில விஷயம். தம்பானூரிலிருந்து காலை முதல் பஸ்களில் கிளம்பினால் உச்சிப் பூசைக்கு முன் நிதானமாகப் போய்விடலாம். சோறு ஊட்ட வேண்டுமென்றால் முந்தின நாளே போற்றியிடம் சொல்லிவிடுங்கள். சுனையில் முகம் கழுவலாம், கும்பிடலாம். பச்சையாகக் குடிக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாக வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நானும் அதைத்தான் செய்தேன். பால், குங்குமம், கற்பூரம் எதையும் கிணற்றில் போடாதீர்கள். வீட்டில் கிணறு இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வள்ளியூர்க் கிணற்றுக்கும் ரேகா பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

நெல்லிக்கட்டையைப் போற்றி வாங்கி மடப்பள்ளிப் பரணில் வைத்திருக்கிறார். குழியை மாற்றி, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்கிற அன்று அடியில் போடுவாராம். அந்தக் கல்லில் இன்னும் தண்ணீர் விழுகிறதே, அதற்கு ஒரு கும்பிடு. பிடித்துப் பார்க்க ஒரு மருமகள் இருக்கிறாளே, அதற்கு இரண்டு கும்பிடு.

மழை முடிந்ததும் மறுபடி சோதிக்க வேண்டும், நீங்களும் வாங்க அத்தே என்று ரேகா கூப்பிட்டிருக்கிறாள். போவேன். துளசியைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பாட்டிலைத் தொடுவேன்.